படகில் கேட்கக் கூடாத கேள்வி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். வேலையில் என் கடைசி நாளன்று நீச்சல் குளத்தின் ஓரத்தில் என்னை நிற்க வைத்து, நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. சிரித்துவிட்டுத் துண்டுகளை மடித்து அலமாரியில் வைக்கப் போய்விட்டேன். எழுதித் தருகிறேன் என்று சொன்னது அங்கிருந்து தப்பிப்பதற்காகத்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு, சொல்லாமல் விட்டால் நான் செய்த தவறையே நீங்களும் செய்வீர்கள் என்று தோன்றியது. நம் ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் அதைச் செய்வார்கள். நல்ல மனசுக்காரர்கள் சீக்கிரமே செய்வார்கள்.

காற்றுச் சிலிண்டரை முதுகில் எப்படி மாட்டுவது, எத்தனை மீட்டரில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதெல்லாம் உங்களுக்குப் பாடத்திலேயே வந்துவிடும். நான் பத்தாவது வரை படித்தவள். அவற்றைச் சொல்லித்தர என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பாடத்தில் வராத ஒன்றை மட்டும் நான் சொல்கிறேன்.

பாளையங்கோட்டைக் குளத்தில் பெண்களுக்கான நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத்தான் நான் முதலில் வந்தேன். கதவைப் பூட்டுவது, இறங்கியவர்கள் எத்தனை பேர், ஏறியவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பது, அவ்வளவுதான். பிறகு அதே குளத்தில் கடலடி நீச்சல் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். கற்க வந்த பெண்களோடு தண்ணீரில் இறங்க ஒரு பெண் வேண்டும் என்றார்கள். உனக்கு நீச்சல் வருமா என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நான் குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றங்கரையில் வளர்ந்தவள். ஒரு படித்துறையில் முங்கினால் அடுத்த படித்துறையில்தான் தலையைத் தூக்குவேன். அம்மா ஒரு சேலையை அலசிப் பிழிந்து முடிக்கும்வரை தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். அப்போது எனக்கு நாற்பது வயதாகியிருந்தாலும் அந்தப் பெருமை போகவில்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என்னைவிடப் பதினாறு வயது சின்னவள். கடற்கரைப் பெண். பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். முதல் நாள், முதுகில் சிலிண்டரோடு குளத்தின் ஆழமான பக்கத்தில் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் தோளைத் தட்டி மேலே கூட்டிப்போனாள்.

"யக்கா, குமிழே வரலையே. மூச்சப் பிடிச்சிட்டா இருந்திய?"

ஆமாம் என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன்.

"இங்கன அதுக்குப் பரிசு கெடையாது" என்றாள்.

ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர நெஞ்சுக்குள் பெருகும், மூச்சை விடாமல் மேலே வந்தால் நெஞ்சு கிழியும் என்று அப்போதுதான் சொன்னாள். ஆற்றில் நான் கற்றதில் மிகச் சிறந்தது எதுவோ, அதுதான் கடலில் என்னைக் கொல்லக்கூடியது. நீச்சலே தெரியாமல் வருகிறவர்களை நினைத்து நீங்கள் பயப்பட வேண்டாம். அவர்கள் சொன்னதைக் கேட்பார்கள். ஆற்றிலும் கிணற்றிலும் முங்கிப் பழகியவர்கள் வந்தால் அவர்கள் தலைக்கு மேலேயே கண்ணை வையுங்கள். நீச்சல் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் முகம் ஒன்றையும் சொல்லாது. குமிழ் சொல்லும்.

அந்த வருடமே இன்னொன்றும் நடந்தது. கடலில் இறங்கும்போது எனக்குக் காது வலித்தது. நின்று, கையைக் காட்டி, கொஞ்சம் மேலே வந்து சரிசெய்திருக்க வேண்டும். என்னோடு வெளியூரிலிருந்து வந்த இருவர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நம்மால் அவர்களுக்குத் தாமதம் ஆக வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். செவிப்பறை கிழிந்தது. ஆறிய பிறகு பல வருடம் இறங்கினேன், ஆனால் அந்தக் காது முழுதாகத் தேறவே இல்லை. கை காட்ட எனக்கு இரண்டு நொடி போதும். அந்த இரண்டு நொடிக்கு வெட்கப்பட்டதற்குத்தான், இப்போது ஐம்பத்தொரு வயதில், இனி ஆழத்துக்குப் போகவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வெட்கம் ஓர் ஆளை எப்படி அடிக்கும் என்று இவ்வளவு தெரிந்த நானே அந்தத் தவறைச் செய்தேன் என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

ஒரு டீச்சர் கற்றுக்கொள்ள வந்தார்கள். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்தி அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார்கள். கூட்டி வந்தது அவர்களுடைய பழைய மாணவி பாத்திமா. மேலப்பாளையத்துப் பெண், மருந்துக்கடை வைத்திருக்கிறாள். டீச்சருக்கு நீச்சல் சுமார்தான். ஆனால் ஒரு நோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். முப்பது வருடம் பாடம் எடுத்தவர்கள் என் வாயைப் பார்த்து எழுதியது எனக்குக் கூச்சமாக இருந்தது. எதற்கு இந்த வயதில் கடலடிக்கு என்று யாரோ கேட்டபோது அவர்கள் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை.

பள்ளி ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி இருந்ததாம். உள்ளே ஒரு பவளம். அவர்கள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே வந்தது, வெளுத்துப்போன கல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு வருடமும் அதை மேசையில் வைத்து, இது கல் அல்ல, செடியும் அல்ல, விலங்கு என்று சொல்லுவார்கள். ஒரு வருடம் ஒரு பிள்ளை எழுந்து, விலங்கு என்றால் அசையுமா டீச்சர், நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறது. பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது, உட்கார் என்று சொல்லிவிட்டார்களாம்.

"அந்தப் பிள்ள உக்காந்துட்டு. எனக்குத்தான் உக்கார முடியல" என்றார்கள்.

உயிரோடு இருக்கும் ஒரு பவளத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

குளத்தில் எல்லாம் நன்றாகவே போனது. மாசி மாதம் கடலைப் பார்த்துவிட்டு நாள் குறித்தோம். விடியற்காலையில் வேனில் கிளம்பி, திசையன்விளை தாண்டிக் கடற்கரைக்குப் போனோம். படகு மிக்கேல் அண்ணனுடையது. வாரத்தில் ஐந்து நாள் மீன் பிடிப்பார், எங்களுக்குத் தேவைப்படும் நாளில் எங்களோடு வருவார். உடம்போடு ஒட்டிய கடல் உடையைப் போட்டுக்கொண்டு ஊர்க் கடற்கரையில் நடக்க நம் பெண்கள் ஒப்புவதில்லை. எல்லோரும் அதற்கு மேலே நைட்டியைப் போட்டுக்கொண்டுதான் படகில் ஏறுவார்கள். தண்ணீரில் குதிக்கும் நேரத்தில் மிக்கேல் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார், நைட்டிகளைக் கழற்றிக் கயிற்றில் போடுவோம். பாத்திமா பர்தாவுக்குள்ளேயே கடல் உடையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். எல்லோரையும்விட அவளுக்குத்தான் வேலை சுலபம்.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடலடியில் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. இப்படிப்பட்ட திட்டுக்கு மீனவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பார்'. எட்டு மீட்டர் ஆழம். விசிறி விரித்தது போலவும் கிளை விட்டது போலவும் அங்கே பவளங்கள் இருக்கும். யார் வந்தாலும் நாங்கள் அங்கேதான் கூட்டிப்போவோம். அதைக் காட்டுவதில் எங்களுக்கும் ஒரு பெருமை.

நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். டீச்சரோடு நான், பாத்திமாவோடு என் பயிற்சியாளர், அந்தக் கடற்கரைப் பெண். மூன்று மீட்டர் போயிருப்போம். டீச்சர் கட்டைவிரலை மேலே காட்டினார்கள். மேலே போகலாம் என்று அர்த்தம். நான் உடனே அவர்களோடு மேலே வந்தேன். அதுவரை சரியாகத்தான் செய்தேன்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. தண்ணீரில் இறங்கிய யாரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் கட்டைவிரலைக் காட்டலாம். காட்டினால் எல்லோரும் மேலே வர வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. எனக்கும் அது தெரியும். ஆனால் அது தண்ணீருக்குள் மட்டும் உள்ள விதி என்று நான் நினைத்திருந்தேன். தண்ணீருக்குள் வாய் திறக்க முடியாதே, அப்புறம் கேட்பது எங்கே.

நம் பக்கத்தில் ஒருவர் பந்தியில் பாதியில் எழுந்தால் பத்துப் பேர் ஏன் என்று கேட்போம். கேட்காமல் விட்டால்தான் மனக்கசப்பு. உடம்பு சரியில்லையா, குழம்பு பிடிக்கவில்லையா, யாரும் ஏதும் சொன்னார்களா என்று கேட்டுப் பதில் வாங்காமல் விடமாட்டோம். அது அன்பு. அந்த அன்போடுதான் படகில் ஏறியதும் நான் டீச்சரிடம் கேட்டேன்.

"என்ன டீச்சர், ஏன் மேல வந்துட்டிய? காது வலிக்கா? மூச்சு முட்டுதா? பயந்துட்டியளா?"

மிக்கேல் அண்ணனும் சேர்ந்துகொண்டார். "டீச்சரம்மாவுக்கு மீனுவ பரீட்ச வச்சிரும்னு பயம் போல."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதற்குள் பாத்திமாவும் மேலே வந்திருந்தாள், அவளும் சிரித்தாள். டீச்சரும் சிரித்தார்கள். தும்மல் வருகிற மாதிரி இருந்தது, வேறு ஒன்றுமில்லை என்றார்கள். நான் நம்பினேன். என் பயிற்சியாளர் மட்டும் சிரிக்காமல் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இறங்கினோம். இந்த முறை டீச்சர் நிற்கவே இல்லை. மூன்று மீட்டர், ஐந்து மீட்டர், எட்டு மீட்டர். வழியெல்லாம் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து, சரியாக இருக்கிறேன், சரியாக இருக்கிறேன் என்று காட்டிக்கொண்டே வந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். தரைக்கு வந்ததும் நான் முன்னால் நீந்தி, ஒரு பெரிய விசிறிப் பவளத்தைக் கையால் காட்டினேன். திரும்பிப் பார்த்தேன். டீச்சர் நங்கூரக் கயிற்றின் பக்கத்திலேயே நின்றுகொண்டு, பவளத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் விரலை வட்டமாகக் காட்டினார்கள். நான் கேட்கவே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரியாக இருக்கிறவர்கள் கேட்காமல் சரி என்று காட்டமாட்டார்கள். அவர்களுக்குப் பார்ப்பதற்கு வேறு வேலை இருக்கும். நான் அவர்கள் தலைக்கு மேலே பார்த்தேன். குமிழ் விட்டு விட்டு வரவில்லை. கொதிக்கிற உலை மாதிரி இடைவிடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்ததோ. நான் பவளத்தைக் காட்டும் அவசரத்தில் இருந்தேன்.

நான் நெருங்குவதற்குள் டீச்சர், சிலிண்டரிலிருந்து காற்று வரும் வாய்க்குழாயில் கையை வைத்துவிட்டார்கள். பிடுங்கி எறிந்துவிட்டு மேலே பாயப் போகிறார்கள் என்று தெரிந்தது.

விட்டுவிட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாக மேலே போவார்கள். நெஞ்சு தாங்காது. அங்கேயே இறுக்கிப் பிடித்து நிறுத்தினால் பயம் இன்னும் ஏறும், குழாயைப் பிடுங்கிவிடுவார்கள். இரண்டுமே கூடாது. மேலேதான் போக வேண்டும், ஆனால் என் வேகத்தில் போக வேண்டும். இதை எழுத இவ்வளவு நேரம் ஆகிறது, அப்போது யோசிக்க ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. இடது கையால் அவர்கள் தோள்பட்டையைப் பிடித்தேன். வலது உள்ளங்கையை வாய்க்குழாயின் மேல் வைத்து, அது கழன்றுவிடாமல் அழுத்தினேன். என் முழங்கையை நங்கூரக் கயிற்றில் மாட்டிக்கொண்டேன். டீச்சர் காலை உதைத்து என்னையும் மேலே இழுத்தார்கள். கயிறு என் கையை அறுத்தது. முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, நான் பெரிதாக மூச்சை விட்டேன். குமிழ் எங்கள் இரண்டு பேரின் கண்ணாடிக்கும் நடுவே போனது. மறுபடி விட்டேன். மூன்றாவது முறை அவர்களும் விட்டார்கள். அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து மூச்சை விட்டுக்கொண்டே, கயிற்றோடு பைய பைய மேலே வந்தோம்.

படகில் ஏற்றிப் படுக்க வைத்து, வைத்திருந்த ஆக்சிஜனைக் கொடுத்தோம். அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். அன்றே பாளையங்கோட்டைக்குக் கூட்டிவந்து டாக்டரிடம் காட்டினோம், நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றார். ஆனால் படகில் அவர்கள் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, "ஏன் டீச்சர், முதல்லயே கை காட்டக் கூடாதா" என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. என் பயிற்சியாளர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

கரையில் சாமான்களை வேனில் ஏற்றும்போது அவள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"யக்கா, அவங்கள எட்டு மீட்டர்ல பிடிச்சி வச்சது நீங்கதான்."

நான் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வருகிறாள் என நினைத்து, அது என் வேலைதானே என்றேன்.

"இல்லக்கா. மொத தடவ மேல வந்ததும் ஏன்னு கேட்டியல்லா. நாலு பேரு முன்னால அவங்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. ரெண்டாவது தடவ அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கை காட்டாம கீழயே இருந்தாங்க."

அன்போடுதானே கேட்டேன் என்றேன்.

"அதான் தெரியுமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அந்த நாளிலிருந்து படகில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஏன் என்றுதான் தெரிந்திருக்காது. யார் எப்போது மேலே வந்தாலும் துண்டைக் கொடுப்போம், பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுப்போம், வேறு எதையாவது பேசுவோம். வாழைத்தார் விலை, ஆற்றில் தண்ணீர் வருகிறதா, எதுவானாலும் சரி. ஏன் மேலே வந்தாய் என்று மட்டும் கேட்கமாட்டோம். கடலில் இறங்கியவர்களின் வீட்டார் கரையில் நின்று, உங்களுக்குக் கொஞ்சமாவது அக்கறை இருக்கிறதா, என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எங்களைத் திட்டியிருக்கிறார்கள். திட்டட்டும். மிக்கேல் அண்ணனைப் பழக்குவதுதான் பெரிய பாடாக இருந்தது. வாய் நமநமக்கும்போதெல்லாம் அவர் தன் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்த கதையைச் சொல்லத் தொடங்குவார். அந்தக் கதை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

டீச்சர் இனி வரமாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மூன்று வாரம் கழித்து, டாக்டர் சீட்டோடு குளத்துக்கு வந்தார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை, உடையை எடுத்துக் கொடுத்தேன். நாலடித் தண்ணீரில், தலைக்கு மேலே ஒரு முழம்கூட இல்லாத இடத்தில், சிலிண்டரோடு உட்கார்ந்துகொண்டார்கள். நானும் எதிரே உட்கார்ந்துகொண்டேன். அப்படியே பல நாள். ஒரு நாள் ஏறி வந்து தலையைத் துவட்டும்போது அவர்களாகவே சொன்னார்கள்.

"அன்னைக்கு மொதல்லயே நெஞ்சுக்குள்ள காத்துப் போகாத மாதிரி இருந்தது. பயம்மா. வேற ஒண்ணுமில்ல. முப்பது வருஷமா பிள்ளைங்ககிட்ட பயப்படாத, பயப்படாதன்னு சொல்லிட்டு, பயமா இருக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

நான் தலையை ஆட்டினேன். கேட்டிருந்தால் மறுபடி தும்மல் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த வருடம் பங்குனியில் கடலுக்குப் போனோம். காற்று மாறுவதற்கு முன் அதுதான் கடைசி வாரம் என்று மிக்கேல் அண்ணன் சொல்லியிருந்தார். அதே பார், அதே கயிறு. நாலு மீட்டரில் டீச்சர் கட்டைவிரலைக் காட்டினார்கள். மேலே வந்தோம். துண்டு, வெந்நீர். மிக்கேல் அண்ணன் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்தது. நன்றாக ஓய்வெடுத்துவிட்டு மறுபடி இறங்கினோம். ஐந்து மீட்டர். கட்டைவிரல். மேலே வந்தோம். துண்டு, வெந்நீர். மகளுக்கு மறுபடியும் இடம் கிடைத்தது. டீச்சர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரே ஒரு தடவை என்றார்கள். பாத்திமா என்னைப் பார்த்தாள், கூட்டிப் போங்களேன் என்பது போல.

உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். ஒருவர் ஒரு வருடம் காத்திருந்து வந்திருப்பார். இன்று விட்டால் அடுத்த வருடம்தான், அதுவும் நிச்சயமில்லை. உங்கள் மனசு, இவ்வளவு ஆசைப்படுகிறார்களே, இன்னும் மூன்றே மீட்டர்தானே என்று சொல்லும். அந்த மனசுதான் போன வருடம் அவர்களைக் கேள்வி கேட்டது.

"இங்கன போதும் டீச்சர்" என்றேன். யாரிடமும் அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் இன்னொரு தடவை சொன்னேன்.

டீச்சர் ஏன் என்று கேட்க வாயைத் திறந்தார்கள். பிறகு மூடிக்கொண்டார்கள். சரி என்றார்கள்.

படகு கரைக்குத் திரும்பியது. டீச்சர் நைட்டியை மாட்டிக்கொண்டு, கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மீட்டருக்கு அவர்களைக் கொண்டுபோக முடியவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பவளம் எட்டு மீட்டரில் மட்டும்தான் இருக்கிறதா என்று நான் என்னையே கேட்டுக்கொள்ள இத்தனை நாள் ஆகியிருக்கிறது. கரைக்குக் கொஞ்சம் முன்னால், மிக்கேல் அண்ணனின் வலை அடிக்கடி சிக்கும் ஒரு கல் இருந்தது. மூன்று மீட்டர்கூட இருக்காது, படகிலிருந்தே அடி தெரியும். அங்கே நான் இறங்கி அவருடைய வலையை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருவரையும் பார்க்கக் கூட்டிப்போனதில்லை. காட்டுவதற்கு அழகாக ஒன்றும் இல்லை.

அண்ணனிடம் படகை அந்தக் கல்லுக்கு விடச் சொன்னேன்.

"அங்கன என்ன இருக்கும்மா? பாசிதான் கெடக்கு" என்றார்.

"நீங்க விடுங்கண்ணே."

கல்லின் மறைவில் அலை அடங்கியிருந்தது. டீச்சர் நைட்டியைக் கழற்றினார்கள். மணல் கண்ணுக்குத் தெரிந்ததாலோ என்னவோ, இறங்கும்போது அவர்கள் கை என் கையை இறுக்கவில்லை. கல்லின் ஓரத்தில் ஒரு பவளம் இருந்தது. தோசைக்கல் அளவு, பழுப்பு நிறம். டீச்சர் அதன் முன்னால் மணலில் குப்புறப் படுத்தார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நான் பவளத்தைப் பார்க்கவில்லை. என் கண் முழுக்க அவர்கள் தலைக்கு மேலே குமிழில் இருந்தது. ஒரு முறை அவர்கள் கையை நீட்டியதும், உடனே பின்னால் இழுத்து நெஞ்சோடு மடக்கிக்கொண்டதும் தெரிந்தது. கட்டைவிரல் வரப்போகிறது என்று நான் தயாரானேன். வரவில்லை. குமிழ் நின்று நிதானமாக வந்தது. ஒரு கொத்து, பிறகு இடைவெளி, பிறகு ஒரு கொத்து. அவர்கள் அசையாமல் கிடந்தார்கள். வெகுநேரம் கழித்து அவர்களே விரலைக் காட்டினார்கள்.

படகில் துண்டு கொடுத்தேன், வெந்நீர் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. எங்கள் வழக்கம் அவ்வளவு பாரமாக எனக்கு அதுவரை இருந்ததில்லை. பாத்திமா பர்தாவின் நுனியைப் பிழிந்துகொண்டே இருந்தாள், அது நனையவே இல்லை. மிக்கேல் அண்ணன் மகள் கதையைத் தொடங்கி, இரண்டு வார்த்தையில் நிறுத்திவிட்டு, நங்கூரக் கயிற்றை இழுக்கப் போனார்.

டீச்சர் வெந்நீரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"மேலெல்லாம் சின்னச் சின்ன விரல் மாதிரி ஆடிட்டிருந்துச்சு" என்றார்கள். "நான் கைய நீட்டினதும் எல்லாம் உள்ள போயிட்டு. வெறும் கல்லாயிட்டு. அந்தக் குப்பியில இருந்தது மாதிரியே. கெடுத்துட்டோமேன்னு நெனச்சேன்."

அண்ணன் கயிற்றை இழுப்பதை நிறுத்திவிட்டார்.

"அப்புறம் அப்படியே கெடந்தேன். செத்த நேரம் கழிச்சி ஒண்ணு வெளிய வந்துச்சு. பைய இன்னொண்ணு. அப்புறம் எல்லாம்." அவர்கள் பாத்திமாவைப் பார்த்தார்கள். "அசையுதுட்டி."

பாத்திமா அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் காற்றின் அளவைக் காட்டும் மானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் டீச்சர் சிலிண்டரைக் காட்டி, இதில் இன்னும் காற்று இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"இருக்கு டீச்சர்" என்றேன்.

மிக்கேல் அண்ணன் பாதி இழுத்திருந்த கயிற்றை மறுபடி தண்ணீருக்குள் விட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.